இலைத்தண்ணீர் வார்த்த கோசலை

நன்றி சொல்லாததற்காக வேலை கிடைத்த மனிதர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். கோசலைக்கு அப்படித்தான் கிடைத்தது.

பாரிஸின் லா சப்பலில் தமிழ்க் கடைகள் ஓய்கிற இடத்தில் ரயில் தண்டவாளங்களுக்கு மேலாக ஒரு பாலம் போகிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் புடவைக் கடை, நகைக் கடை, கொத்துரொட்டிச் சத்தம். அந்தப் பக்கம் ஆபிரிக்கக் கடைகள். மலிவாக மீன் வாங்கத் தவிர நம் சனம் அந்தப் பாலத்தைத் தாண்டுவதில்லை. ஏன் என்று கேட்டால் பதிலும் இராது. 2011 குளிர்காலத்தில் கோசலை தாண்டியதும் மீனுக்காகத்தான். இருமிக்கொண்டு போனவளை ஒரு கடை வாசலில் துளசி வாசம் மறித்தது. பாரிஸில், அதுவும் மீன் விற்கிற தெருவில், துளசி! அவள் உள்ளே போனாள்.

உள்ளே கூரை வரைக்கும் காய்ந்த இலைக் கட்டுகள், மரப்பட்டைகள், மண் உதிராத வேர்கள். நடுவில் பூப்போட்ட நீளச் சட்டையும் தலைக்கட்டுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கோசலை வாயைத் திறந்தாள். பிரெஞ்சுக்குப் பதில் இருமல்தான் வந்தது. அந்தப் பெண் எழும்பி, துளசி மணத்த கட்டிலிருந்து ஒரு பிடி உருவி, தாளில் சுற்றிக் கையில் வைத்து, கொதிக்கவைத்துக் குடி என்று சைகை காட்டினாள். காசு நீட்டியபோது கையை ஆட்டி மறுத்தாள். கோசலை தலையை ஒரு பக்கம் சாய்த்துவிட்டு வந்துவிட்டாள். மெர்சி என்ற சொல் அவளுக்கு நினைவிலேயே வரவில்லை.

இதை மரியாதைக் குறைவு என்று யாரும் எடுத்துவிடக் கூடாது. நன்றி என்பது நமக்கு மேடையில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று சொல்கிற சொல். வீட்டில் சோறு போட்டவளிடம் போய் நன்றி என்றால், "ஏன், இனி இந்தப் பக்கம் வரமாட்டீரோ?" என்று கேட்பாள். பாரிஸில் வளர்கிற பிள்ளைகள்தான், "மெர்சி சொல்லுங்கோ அம்மா" என்று தாய்மாரின் விலாவில் இடிக்கிறார்கள்.

அடுத்த கிழமை இருமல் நின்றபின் அதே தெருவால் போனவளை அந்தப் பெண் கூப்பிட்டு நிறுத்தினாள். கடையில் நிற்க ஒரு ஆள் தேவை, வருகிறாயா என்று கேட்டாள்.

"மருந்திலைக்கு மெர்சி சொன்னால், தன் வேலை முடிந்தது என்று இலை படுத்துவிடும். இந்த ஊரில் எல்லோருக்கும் வாய் நிறைய மெர்சி. சொல்லாமல் வாங்கிப்போனவள் நீ ஒருத்திதான். உன்னை நல்லபடி வளர்த்திருக்கிறார்கள்."

கோசலைக்குப் பாதிதான் விளங்கியது. அப்போது அவள் விடியற்காலையில் அலுவலகங்கள் துடைத்துக்கொண்டிருந்தாள், முதுகு போய்க்கொண்டிருந்தது. விளங்கிய பாதியை வைத்துக்கொண்டு ஓம் என்றாள். அந்த ஓம் கடைக்காரி பியட்றிஸுக்கு விளங்கியிருக்காது, ஆனாலும் சிரித்தாள்.

பியட்றிஸ் பெனின் நாட்டுக்காரி. கொட்டோனுவில் இருந்த அக்கா இலைகளை அனுப்ப, இவள் இங்கே விற்றாள். அக்காவோடு தொலைபேசியில் தங்கள் மொழியில் பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை "அமன், அமன்" என்பாள். கோசலை அதைக் கொஞ்சக் காலம் பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தாள். கடல் கடந்து, கண்டம் கடந்து அம்மன் ஆபிரிக்காவிலும் குடியிருக்கிறாளே என்று மெய் சிலிர்த்தாள். ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில் அம்மன் படம் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்க் கல்லாவுக்கு மேலே மாட்டியும் விட்டாள்.

"இது யார்?" என்று கேட்டாள் பியட்றிஸ்.

"உங்கட அம்மன்தான்."

விஷயம் பிடிபட்டதும் பியட்றிஸ் சிரித்த சிரிப்பில் தலைக்கட்டு அவிழ்ந்துவிட்டது. அமன் என்றால் அவர்கள் மொழியில் இலை. மருந்துக்கும் அதே சொல்லிலிருந்துதான் பெயர், அமாசின். இலைத்தண்ணீர் என்று அர்த்தம். கோசலை வெட்கத்தோடு படத்தைக் கழற்றப் போக, பியட்றிஸ் விடவில்லை. "இலைக்குள் இருப்பவள் யாரென்று எனக்கும் தெரியாது. இருக்கட்டும்" என்றாள்.

கடைக்கு எல்லா விதமான ஆட்களும் வந்தார்கள். செனகல் ஆட்கள் காலைத் தேநீருக்குக் கிங்கெலிபா இலை வாங்கினார்கள். பிள்ளை பெற்ற மாலிப் பெண்கள் தண்ணீரில் ஊறப்போட வெட்டிவேர் கேட்டார்கள். கெட்ட கனவு காண்கிறவர்கள், வழக்குக்குப் போகிறவர்கள், புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் முழுகுவதற்கு இலை கேட்டார்கள். விசா கிடைக்க ஏதாவது இலை உண்டா என்று ஒருவர் கேட்டபோது பியட்றிஸ், "இலைக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது, தம்பி. வக்கீலிடம் போ" என்று அனுப்பிவிட்டாள். முருங்கையையும் பாகலையும் வேம்பையும் அந்த அடுக்குகளில் கண்ட கோசலைக்கு, தெரிந்த சனத்தை வேற்றூர்ச் சந்தையில் கண்டது போல இருந்தது.

ஒரு கட்டை அவிழ்க்குமுன் பியட்றிஸ் இலையோடு பேசுவாள். யாருக்கு, என்ன வருத்தம், எப்போது தொடங்கியது என்று வாய்விட்டுச் சொல்வாள். ஆள் வந்து தன் கூட்டாளிக்கு என்று சொல்லித் தனக்கே வாங்கினால் கண்டுபிடித்து ஏசுவாள். "இலைக்குக் காது உண்டு, கண் இல்லை. நாம் சொன்னதைத்தான் நம்பும். நீ பொய் சொன்னால் மருந்து அந்தப் பொய்க்குத்தான் போய்ச் சேரும்." கோசலைக்கு இது பெரிய புதினமாகத் தெரியவில்லை. காப்புக் கட்டி, சாபம் தீர்த்து, இன்னாருக்காக என்று சொல்லிவிட்டு மூலிகை பிடுங்குகிற பரியாரிமார் அவளுடைய பக்கத்திலும் இருந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாட்களில் பியட்றிஸ், புருசன் என்ன செய்கிறார் என்று கேட்டாள். கோசலை தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னாள்: "திஸ்பாரு." காணாமல் போனவர். வழக்கறிஞர் ஒருவரிடம் போனபோது காதில் விழுந்து, மனப்பாடம் பண்ணி வைத்திருந்த சொல் அது. பியட்றிஸ் இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அதன்பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அன்றிலிருந்து கோசலையை 'மா சேர்' என்று கூப்பிடத் தொடங்கினாள். என் சகோதரி என்பது பொருள்.

கோசலையின் புருசன் தவரத்தினம் வன்னியில் நீரிறைக்கும் இயந்திரங்கள் திருத்துகிறவர். 2007இல் தமையனின் உதவியோடு கோசலை மகளைக் கூட்டிக்கொண்டு பாரிஸ் வந்தாள். பட்டறையை விற்றுவிட்டு அவர் பின்னால் வருவதாகப் பேச்சு. பட்டறை விற்பனையாக முதல் போரில் பாதைகள் மூடிக்கொண்டன. 2009 மாசியில் கடைசியாகத் தொலைபேசி எடுத்தார். "பிள்ளையைப் படிக்கச் சொல்லு. பிறகு எடுக்கிறன்" என்றார். அந்தப் பிறகு வரவில்லை. சித்திரையில் அவரைப் பதுங்குகுழி ஒன்றில் கண்டதாக ஒருவர் சொன்னார். வைகாசியில் முகாமுக்குப் போன பஸ்ஸில் கண்டதாக இன்னொருவர் சொன்னார். வேறொருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கோசலை காதைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள்.

அவள் குங்குமம் வைத்தாள். தாலி போட்டிருந்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா? ஆள் இருக்கிறார் என்றால் காட்டவேண்டும், இல்லை என்றால் அழவேண்டும். இரண்டும் செய்யாமல் ஒருத்தி குங்குமத்தோடு திரிந்தால் எப்படி என்று லா சப்பலில் பேசிக்கொண்டார்கள். நேரே ஒருவரும் கேட்கவில்லை. நம் ஆட்களுக்கு அந்த நாகரிகம் நிறைய உண்டு. கோயிலில் பழகிய இந்திராதேவி தன் மகள் பெரியபிள்ளையானபோது கூசேன்வில்லில் மண்டபம் எடுத்துச் சாமத்தியவீடு வைத்தாள். பிள்ளைக்குத் தோய வார்க்கச் சுமங்கலிப் பெண்களைப் பெயர் சொல்லிப் பெயர் சொல்லி அழைத்தவள், கோசலையின் முறை வந்தபோது மட்டும் குரலைத் தேனாக்கினாள்.

"கோசலை, நீர் உதிலை நிண்டு பலகாரத் தட்டுகளை ஒருக்கால் பாரும். உம்மை விட்டால் ஆர் பொறுப்பாப் பாப்பினம்?"

விதவை என்று ஒருவரும் சொல்லவில்லை. நிறுத்திய இடம் சொல்லியது. கோசலை அன்று முழுக்கப் பலகாரத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த நாள் குங்குமத்தை வழமையைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

இப்படியே வருசங்கள் போயின. 2018 இலையுதிர் காலத்தில் பியட்றிஸின் புருசன் செலெஸ்தான் இறந்துபோனார். ருவாசி விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிற வேலை. நெடிய, மெல்லப் பேசுகிற மனிதர். ஓய்வு நாட்களில் கடைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து, கோசலை கொண்டுவரும் வடையைத் தின்றுகொண்டு, அவளை 'அமைச்சரம்மா' என்று கூப்பிட்டுப் பகிடி விடுவார். காலையில் சப்பாத்துப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. பாரிஸுக்கு வெளியே இருந்த சேமக்காலையில் புதைத்தார்கள். கோசலையும் போய் ஒரு பிடி மண் போட்டாள்.

அதன்பிறகு பியட்றிஸ் தலை வாரவில்லை. கரும்நீலத் துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு வீட்டில் பாயில் இருந்தாள். கடைத் திறப்பைக் கோசலையிடம் கொடுத்துவிட்டாள். புருசனை இழந்தவள் இலைத்தண்ணீரில் முழுகும்வரைக்கும் அவள் கை மருந்திலையைத் தொடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். கோசலை தேநீர் இலையையும் வெட்டிவேரையும் மட்டும் விற்றாள். மற்றக் கட்டுகள் அவிழாமல் கிடந்தன. கெட்ட கனவுக்கு இலை கேட்டு வந்தவர்கள் கனவோடே திரும்பிப் போனார்கள்.

ஒரு நாள் மதியம் கோசலை சோறும் மீன் குழம்பும் கொண்டு பியட்றிஸின் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் ஒரு புதுப் பொதி இருந்தது. கொட்டோனுவிலிருந்து அக்கா அனுப்பியது. அவிழ்க்காமலே மணம் வந்தது.

"முழுக்குக்கான இலை வந்துவிட்டது" என்றாள் பியட்றிஸ். "வார்க்கத்தான் ஆள் இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு விதவைக்கு இன்னொரு விதவைதான் வார்க்கவேண்டும். அந்தப் பக்கம் புதிதாய்ப் போகிறவனுக்கு வழி தெரியாது, மா சேர். வார்க்கிறவள் தன் புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இவனை எதிர்கொண்டு கூட்டிப்போ என்று சொல்லவேண்டும். அவர்கள் கைகோத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் இந்தப் பக்கம் இருப்போம்."

"ஊருக்குப் போய்ச் செய்யலாமே?"

"கடைசியாய்ச் சேர்ந்து படுத்த வீட்டில்தான் செய்யவேண்டும். இங்கே எனக்குத் தெரிந்த விதவை ஒருத்தி இருக்கிறாள். அவள் இப்போது ஏதோ சபைக்குப் போகிறாள், இலைத்தண்ணீர் பிசாசின் வேலை என்கிறாள். தனியாய் இருக்கிற மற்ற இருவர் விவாகரத்தானவர்கள். உயிரோடு இருக்கும்போதே கூப்பிட்டு வராத புருசன்மாரை வைத்து என்ன செய்ய?" கண் கலங்கியிருந்தும் பியட்றிஸுக்குப் பகிடி விடாமல் முடியாது. பிறகு கோசலையின் கையைப் பிடித்தாள். "நீ வார்த்துவிடு. உன் புருசன் போய் எவ்வளவு காலம்! அவருக்கு வழி நன்றாய்த் தெரிந்திருக்கும்."

கோசலை கையைப் பறித்தாள்.

"என்ர மனுசன் சாகேல்லை!" தமிழில்தான் கத்தினாள். பிறகு பிரெஞ்சிலும் கத்தினாள்.

பியட்றிஸ் திகைத்துப்போனாள். "நீதானே சொன்னாய்? கடைக்கு வந்த முதல் கிழமையே சொன்னாய், திஸ்பாரு என்று."

"ஓம், திஸ்பாரு! காணேல்லை!"

பியட்றிஸ் மெல்ல விளக்கினாள். மரியாதையான பிரெஞ்சில், செத்துப்போனார் என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். திஸ்பாரு என்பார்கள். நாம் காலமானார் என்பது மாதிரி. புருசன் திஸ்பாரு என்று ஒருத்தி தனியாய் வந்து நின்று சொன்னால், கேட்கிறவர்கள் வேறு எதை நினைப்பார்கள்?

கோசலைக்குக் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு முகமாக வந்தது. பள்ளிக்கூடத்து ஆசிரியை, பல் வைத்தியர், கீழ்வீட்டுக் கிழவி, வதிவிட அனுமதி தரும் பிரிபெக்சரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண். அத்தனை பேரும் அந்தச் சொல்லைக் கேட்டதும் தலையைச் சாய்த்துத் துக்கம் சொன்னார்கள். வெள்ளைக்காரருக்கு இவ்வளவு இரக்கமா என்று அவள் வியந்ததும் உண்டு. லா சப்பலில் ஊர் வாயோடு மல்லுக்கட்டி உயிரோடு வைத்திருந்த மனிதரை, பிரெஞ்சில் அவளே தன் வாயால் ஊரெல்லாம் கொன்றுகொண்டு திரிந்திருக்கிறாள்.

அவள் சட்டியைக்கூட எடுக்காமல் வாசலுக்குப் போனாள். பியட்றிஸ் பாயில் இருந்தபடியே சொன்னாள்:

"மன்னித்துவிடு. அவர் இருக்கிறார் என்றால் நீ வார்க்கவேண்டாம். எனக்காக இரக்கப்பட்டும் வார்த்துவிடாதே. அந்தப் பக்கம் ஒருவரும் இல்லாமல் நீ பெயரைக் கூப்பிட்டால், செலெஸ்தான் அதை நம்பி வழியில் நின்றுவிடுவான்."

புறநகர் ஓல்னே-சூ-புவாவில் தன் வீட்டுக்குள் நுழைந்ததும் கோசலை தன் கோபம் முழுவதையும் மகள் மேல் கொட்டினாள். மிருணாளினிக்கு அப்போது இருபது கடந்திருந்தது. மருந்துக்கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே தாய்க்கு மொழிபெயர்ப்பவள் அவள்தான்.

"திஸ்பாரு எண்டால் செத்தது எண்டு ஏன்டி எனக்குச் சொல்லேல்லை? எத்தினை இடத்திலை பக்கத்திலை நிண்டனி!"

"ரெண்டுக்கும் அதுதான் சொல்லு, அம்மா."

"அப்ப நீ என்னத்தை நினைச்சுக்கொண்டு பக்கத்திலை நிண்டனி?"

மிருணாளினி காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த ஒன்றையே திரும்ப விரித்து மடித்தாள். பிறகு நிமிராமலே சொன்னாள்:

"இல் எ மோர், மமோ."

அப்பா செத்துப்போனார், அம்மா. அதைப் பிள்ளை பிரெஞ்சில்தான் சொன்னாள். தமிழில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கோசலை அடிக்கக் கை ஓங்கினாள். கை ஓங்கின இடத்திலேயே நின்றது. மிருணாளினி அழத் தொடங்கியிருந்தாள், சின்னப் பிள்ளை போல மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"இனிக் கோயிலிலை அப்பான்ர பேர் நான் சொல்லமாட்டன் அம்மா. என்னாலை ஏலாது. ஒவ்வொரு முறையும் சாமிக்குப் பொய் சொல்லுற மாதிரி இருக்கு."

ஆண்டுதோறும் தவரத்தினத்தின் பிறந்த நட்சத்திரத்தில் தாயும் மகளும் ரூ பஜோலில் இருந்த பிள்ளையார் கோயிலுக்கு அருச்சனைக்குப் போவார்கள். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்பார். கோசலை வாய் திறக்கமாட்டாள். புருசன் பெயரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று கேட்டு வளர்ந்தவள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவளுக்கு அவர் 'இஞ்சாருங்கோ'தான். இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று மற்றப் பெண்கள் சிரித்தாலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அதிலும் 2009க்குப் பிறகு அந்த ஆயுளில் ஒரு நிமிடத்தையும் இழக்க அவள் தயாராக இல்லை. அதனால் மகளை முன்னால் தள்ளுவாள். பிள்ளை முன்னால் போய் நின்று, "தவரத்தினம், உத்தரம்" என்று சொல்லும். உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்கிற அருச்சனை. தன் நம்பிக்கையைத் தான் பிடித்துக்கொண்டிருப்பதாகத்தான் கோசலை இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். பாரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டு, பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஓங்கின கையால் மகளின் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

பிறகு வந்த நாட்களில் அவள் கடையைத் திறந்தாள், பூட்டினாள், ரயிலில் போனாள், வந்தாள். மனம் மட்டும் ஒரே இடத்தில் நின்று குமைந்துகொண்டிருந்தது. பியட்றிஸ் ஒரு மாதம்கூடப் பொறுக்கவில்லை. தன் மனிதன் வழி தெரியாமல் நிற்பானே என்று பதறுகிறாள், ஆள் தேடுகிறாள், வெட்கத்தை விட்டுக் கேட்கிறாள். தன் மனிதருக்கு யார் பதறினார்கள்? இருக்கிறார் என்று பிடித்த பிடியில் அவள் ஒரு விளக்கு வைக்கவில்லை, எள்ளும் தண்ணீரும் இறைக்கவில்லை, வாய்விட்டு ஒரு பாட்டம் அழவில்லை. அவர் இருந்தால் சரி. இல்லாவிட்டால்? இல்லாவிட்டால் இத்தனை வருசமும் அந்த மனிதர் தாகத்தோடு எங்கே நின்றிருப்பார்? ஊரெல்லாம் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் திருத்திக் கொடுத்தவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்க ஆளில்லையா? இந்த நினைப்பு வந்தபோது அவள் மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தாள். இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசித் தரிப்பு வரைக்கும் போய்விட்டாள்.

இருக்கிறவருக்குப் பிழை செய்தால் திட்டுவார், அடுத்த நாள் சமாதானம் ஆகிவிடுவார். அவருடைய குணம் அது. இல்லாதவருக்குச் செய்கிற பிழைக்குச் சமாதானம் கிடையாது. இதை அவள் யாரிடமும் கேட்டுத் தீர்மானிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பியட்றிஸின் வீட்டுக் கதவைத் தட்டினாள். "நான் வாக்கிறன்" என்றாள்.

பியட்றிஸ் அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். "எனக்காகவா?"

"இல்லை. என்ர மனுசனுக்கும் தண்ணி வேணும்."

பொதியை அவிழ்த்தார்கள். பியட்றிஸ் தொடக் கூடாது என்பதால் கோசலைதான் இலைகளைத் தண்ணீர்ப் பேசினுக்குள் போட்டுக் கசக்கினாள். துளசி மாதிரி மணத்த இலை, பாகல் கொடி, பெயர் தெரியாத இன்னும் இரண்டு. தண்ணீர் பச்சையாகி, பிறகு கறுத்தது. குளியலறை முழுவதும் மணம் அடைத்தது. அவள் ஊர்ப் பரியாரியின் வீடும் இப்படித்தான் மணக்கும். வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு பியட்றிஸ் சின்ன முக்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். வாராத தலையில் நரை அதிகமாகத் தெரிந்தது. கோசலை சுரைக்குடுவையால் தண்ணீரை அள்ளித் தலையில் வார்த்தாள். தோளில் வார்த்தாள். பியட்றிஸ் தன் மொழியில் எதையோ மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அதுவும் நின்றது.

"இப்போது கூப்பிடு, மா சேர். உன் மொழியிலேயே கூப்பிடு."

கோசலை குடுவையை நிரப்பிக்கொண்டு நின்றாள். அவரோடு குடித்தனம் பண்ணி, பிள்ளை பெற்று, சண்டை பிடித்து, வழியனுப்பி, காத்திருந்து, இத்தனையிலும் ஒருமுறையும் அவள் நாக்கு அந்தப் பெயரைத் தொட்டதில்லை. தொட்டால் முடிந்தது. சொன்ன பெயரை விழுங்க முடியாது. பியட்றிஸ் அவசரப்படுத்தவில்லை. ஈரத் துணியோடு குளிரில் நடுங்கிக்கொண்டு குனிந்தபடியே இருந்தாள். அந்த நடுக்கத்தைக் கண்டபோது கோசலைக்கு வாய் திறந்தது.

"தவரத்தினம்."

குரல் யாருடையதோ போலக் கேட்டது. இரண்டாம் முறை கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். மூன்றாம் முறை அது கூப்பிடுதலாக இருக்கவில்லை, ஒப்பாரியாகப் போய்விட்டது. 2009இல் வந்திருக்கவேண்டிய அழுகை அது. குடுவைத் தண்ணீர் பாதி பியட்றிஸின் தலையிலும் பாதி கோசலையின் காலிலுமாக ஊற்றுப்பட்டது. பியட்றிஸ் எழும்பி அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். இருவரும் இலையும் தண்ணீருமாக அந்தச் சின்ன அறைக்குள் நின்று அழுதார்கள். கதவுக்கு வெளியே பக்கத்து வீட்டு வானொலியில் யாரோ காலநிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அழுகை ஓய்ந்ததும் பியட்றிஸ் திரும்ப முக்காலியில் உட்கார்ந்தாள். இன்னும் சொல்லவேண்டியது மிச்சம் இருந்தது. கோசலை மூக்கைத் துடைத்துக்கொண்டு, பேசினில் இருந்த கடைசித் தண்ணீரை வழித்து அள்ளினாள். மெதுவாக வார்த்துக்கொண்டே, அடுத்த அறையில் இருக்கிறவருக்குச் சொல்வது போலச் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ. நீங்கள் எங்கையாவது உயிரோடை இருந்தால் என்னிலை கோவியாதேங்கோ. அங்கை இருந்தால், இந்தத் தண்ணியைக் குடியுங்கோ. செலெஸ்தான் எண்டு ஒரு மனுசன் வாறார். நெட்டையா இருப்பார். என்ர கையாலை வடை சாப்பிட்ட மனுசன். கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போங்கோ. அவருக்குத் தமிழ் தெரியாது. நீங்கள்தான் கொஞ்சம் பாத்துக் கதைக்கவேணும்."